பல் பார்த்து, காது தொட்டு, எடை போட்டு

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் அரியர் பேப்பரைப் பற்றியும் எழுத ஏற்கெனவே பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நம் கல்லூரியில் எல்லோருக்கும் பழக்கமான, ஆனால் யாரும் உட்கார்ந்து யோசிக்காத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கபடியில் சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று பிரிக்கிறார்களே, அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? ஒரு பையனை எந்தப் பையனோடு மோத விடலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

முதலில் நம் பக்கத்து வழக்கத்தைப் பார்ப்போம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அறுவடை முடிந்த களத்திலோ வற்றிப்போன கண்மாயிலோ சடுகுடு ஆடாத தலைமுறை கிடையாது. அங்கே விதிப் புத்தகம் இல்லை. நடுவர் இல்லை. பிறந்த தேதி என்றால் என்னவென்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் ஆட்டம் சமமாக நடந்தது. எப்படி? உத்தி பிரிப்பதால்தான்.

இப்போதைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். ஒருவன் ஒரு பெயர், மற்றவன் ஒரு பெயர் என்று ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்து, இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்பார்கள். தலைவன் கேட்ட பெயர்க்காரன் அந்தப் பக்கம், மற்றவன் இந்தப் பக்கம். இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், சோடி சேருவதில். ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே பலம் உள்ளவனோடுதான் ஒருவன் சோடி சேர வேண்டும். ஒல்லிப் பையன் தடியனோடு தோளில் கை போட்டு வந்தால் மொத்தக் கூட்டமும் சிரித்து, "போய் மாத்திக்கிட்டு வாங்கடா" என்று திருப்பி அனுப்பிவிடும். பெயர் தேர்வு வெறும் அதிர்ஷ்டம். சமநிலை சோடியிலேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு இதைப் புள்ளியியல் வகுப்பில் சொன்னால், இணை சேர்த்துப் பிறகு குலுக்கல் முறையில் பிரிப்பது என்று போர்டில் எழுதுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. அண்ணன் பின்னாலேயே ஓடி வந்து நானும் ஆடுவேன் என்று அழுகிற ஆறு வயசுப் பொடியன். அவனை விரட்ட மாட்டார்கள். "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் பாடிக்கொண்டு வருவான், எல்லோரும் பயந்த மாதிரி ஓடுவார்கள், யாரும் இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள், அவன் அவுட்டானாலும் கணக்கில் வராது. நான் சின்ன வயதில் இரண்டு வருஷம் சப்பாணியாகவே இருந்திருக்கிறேன். நடுக்கோட்டைத் தாண்டுகிற பயம் போனது அப்போதுதான்.

பல வருடம் கழித்து வேலை நிமித்தமாக நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரில் இரண்டு ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. அங்கே சனிக்கிழமை காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் குழந்தைகள் ரக்பி ஆடிக்கொண்டிருப்பார்கள். மழை, சேறு, பாதிப் பேர் காலில் ஷூ இல்லை. ஆறேழு வயசுக் குழந்தைகளுக்கு இடுப்பில் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் ஒட்டுத் துணியில் ஒரு பட்டை. பந்தைக் கொண்டு ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ளக் கூடாது. பட்டையை உருவினால் போதும். அதற்கு 'ரிப்பா ரக்பி' என்று பெயர். பார்த்தவுடன் எனக்கு நம்ம ஒப்புக்குச் சப்பாணிதான் ஞாபகம் வந்தது. அவர்கள் அதற்கு விதி எழுதி, பயிற்சியாளருக்கு வகுப்பு நடத்தி, பந்தையும் மைதானத்தையும் சின்னதாக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரக்பி கபடிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. இரண்டிலும் உடம்போடு உடம்பு மோத வேண்டும், பிடித்துச் சாய்க்க வேண்டும், கோட்டைத் தாண்ட வேண்டும். அதன் முதல் விதிகளை எழுதியவர்கள் பெரியவர்கள் அல்ல. 1845-ல் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியின் மாணவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து எழுதினார்கள். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது அந்தக் காலத்தில் ஆட்டத்தின் ஒரு பகுதி. 1871-ல் இங்கிலாந்து ரக்பி சங்கம் ஆரம்பித்தபோதுதான் அதைத் தடை செய்தார்கள். நம் நாட்டுக்கும் அந்த ஆட்டம் புதிதல்ல. 1870-களில் கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் இருந்தது. அதை மூடியபோது கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான்.

பள்ளி ரக்பியில் நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. 'ஸ்க்ரம்' என்று எட்டு எட்டுப் பேர் தலை கோத்துக் குனிந்து முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசைக்காரன் கழுத்தில் இரண்டு அணியின் பலமும் வந்து இறங்கும். 19 வயதுக்குட்பட்டவர்கள் ஆடினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது, 45 டிகிரிக்கு மேல் திருப்பவும் கூடாது. விசையைக் குறைக்க முடியாது, ஆகவே தூரத்தையும் கோணத்தையும் கட்டுப்படுத்து என்பதுதான் கணக்கு. இந்தக் கவனத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 2011-ல் வட அயர்லாந்தில் 14 வயசுப் பையன் ஒருவன் ஒரே மேட்சில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டும் ஆட்டத்தில் நீடித்து இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் சந்தேகம் வந்தவுடன் வெளியே எடு என்கிற பிரசாரம் அங்கே வேகம் பிடித்தது.

ஆக்லாந்தில் என்னை யோசிக்க வைத்த இன்னொரு காட்சி எடை மிஷின். அங்கே சமோவா, டோங்கா தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகள் பலர் சின்ன வயதிலேயே நல்ல ஆகிருதி. பத்து வயசுப் பையன் இன்னொரு பத்து வயசுப் பையனைவிட ஒன்றரை மடங்கு கனமாக இருப்பான். வயசை மட்டும் பார்த்தால் ஒல்லிப் பையன் தாங்க மாட்டான்; எடையை மட்டும் பார்த்தால் கனமான பொடியன் தன்னைவிட மூன்று வயசு மூத்தவர்களோடு, கூட்டாளி இல்லாமல், ஆட வேண்டியிருக்கும். ஆகவே வயசுப் பிரிவுக்குள்ளேயே எடைப் பிரிவும் வைத்திருந்தார்கள். ஒரு தகப்பனார் அதைப் பெருமையாக எனக்கு விளக்கினார். நான், "இது எங்க ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது" என்றேன். அவர் நம்பவில்லை.

நம்பாவிட்டால் போகிறது. கபடியின் சரித்திரத்தைப் பார்த்தால் தெரியும். ஊருக்கு ஒரு மாதிரி ஆடிக்கொண்டிருந்ததை மகாராஷ்டிரக்காரர்கள்தான் முதலில் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1923-ல் பரோடாவில் அச்சிட்ட விதிகளோடு போட்டி நடந்தது. 1950-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1952-ல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? நம்ம சென்னையில். 1960-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் கபடி சேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனம் உருவான பிறகுதான் ஜூனியர், சப்-ஜூனியர் என்று தனித் தேசியப் போட்டிகள் வந்தன.

அந்தப் பிரிவுகளின் அமைப்பைக் கவனியுங்கள். சப்-ஜூனியர் என்றால் 16 வயது, ஜூனியர் என்றால் 20 வயது. அதோடு விடவில்லை. பல வருடம் புழக்கத்தில் இருந்த விதிப் புத்தகத்தில் சப்-ஜூனியர் 55 கிலோ, ஜூனியர் பையன்கள் 70 கிலோ, ஆண்கள் 85 கிலோ என்று எடைக்கும் வரம்பு இருந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் எண்கள் இன்னும் குறைவு, அப்பப்போ மாற்றுவார்கள். வளர்ந்த ஆண்களுக்கே எடை வரம்பு வைத்த குழு விளையாட்டு உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். களமும் அப்படியே. ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8, சப்-ஜூனியருக்கு 11-க்கு 8. ஆட்டம் ஆண்களுக்கு இருபது இருபது நிமிஷம், சின்னவர்களுக்குப் பதினைந்து பதினைந்து. உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், வாயைப் பொத்தக் கூடாது, காலால் கத்திரி போட்டுப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு பையன் அடிபட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

தென்மாவட்ட கிராமங்களில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கிற போட்டிகள் இன்னும் நேராக விஷயத்துக்கு வந்துவிடும். "55 கிலோ எடைப் பிரிவு", "60 கிலோ எடைப் பிரிவு" என்று போஸ்டரிலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்கள். நெல் மண்டியிலிருந்து இரவல் வாங்கிய பிளாட்பாரத் தராசு மைதானத்தில் வந்து உட்காரும். முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடி, எச்சிலைக் கூடத் துப்பித் துப்பி எடை குறைத்த பையன்கள் வரிசையில் நிற்பார்கள். எடை போட்டு முடிந்ததும் நேராகப் பரோட்டாக் கடைக்கு ஓடுவார்கள். வெறும் வயிற்றோடு ஓடியவன் வெயிலில் மயங்கி விழுந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். எடையை மட்டும் வைத்தால் வருகிற கேடு அது. 55 கிலோவில் 15 வயசுப் பையனும் வருவான், முப்பது வயசு முறுக்கேறிய ஆளும் வருவான். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, வயசுக்கு வருவோம். தராசு பொய் சொல்லாது. காகிதம்?

மாட்டுக்கு வயசு பார்ப்பது சுலபம். சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் போதும். பால் பல், இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். மனிதப் பிள்ளைக்கு நம் தாத்தா காலத்துத் தலைமை ஆசிரியர் வைத்த பரீட்சை வேறு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்பார். தொட்டால் ஒன்றாம் வகுப்பு; தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல, ஆப்பிரிக்க நாடுகளிலும் இருந்த வழக்கம். குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்தாறு வயசில்தான் கை எட்டும். உடம்பே சொல்கிற வயசு என்பதால் அதில் நியாயம் உண்டு. கோளாறு அதற்கடுத்த நிமிஷத்தில் நடந்தது. பதிவேட்டில் பிறந்த தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப வேண்டுமே! ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஆகவே வாத்தியார் மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். நம் பெற்றோர் தலைமுறையில் எத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறும். அதன் பிறகு பிரம்மாவே வந்து சொன்னாலும் மாற்றுவது கஷ்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1969-ல். கிராமத்தில் முன்சீப்பிடம் ஒரு புத்தகம் இருந்தது. 1980-ல் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் வீட்டில் பிறந்த பிள்ளையைப் போய் எழுதி வைக்க எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? "பெரிய வெள்ளம் வந்த வருஷம்", "சித்திரைத் திருவிழாவுக்கு எட்டு நாள் முந்தி" என்றுதான் கணக்கு.

தேதி ஒரு வாத்தியாரின் பேனாவில் பிறக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? விளையாட்டுக்கு என்றே தேதி பிறக்கும்.

எங்கள் அணிக்கு அப்படி ஒரு நாள் வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது, 2004 வாக்கில், 14 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிர் அணி எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அவர்களில் இரண்டு பேர் அன்று காலைதான் மீசையை மழித்திருந்தார்கள் என்பது கன்னத்துப் பச்சையிலேயே தெரிந்தது. எங்கள் பி.டி. வாத்தியார் போய்க் கேட்டார். "சர்டிபிகேட் சரியா இருக்கு சார்" என்று பதில் வந்தது. சர்டிபிகேட் சரியாகத்தான் இருந்தது. பதினைந்தாவது நிமிஷமோ என்னவோ, எங்கள் இடது ஓரத்தில் நின்றவன் கெண்டைக்காலைப் பிடிக்கப் பாய்ந்தான். எங்கள் அணியிலேயே நல்ல பிடிகாரன் அவன். வந்தவன் அப்படியே அவன் மேல் விழுந்தான். காரை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு மாதம் கட்டு. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவன் வீட்டில் அதோடு கபடியை நிறுத்திவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்குப் போகலாம் என்று இருந்தவன். இன்று அவன் நன்றாகத்தான் இருக்கிறான், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். இருந்தாலும் டிவியில் கபடி ஓடினால் சேனலை மாற்றிவிடுவான்.

அந்த இரண்டு மீசைக்காரப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தேதி எழுதிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். மாநில அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தால் வேலை, கல்லூரி இடம் என்று ஆன பிறகு, இரண்டு வயசைக் குறைப்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது. அதனால்தான் இந்தப் புரட்டு இவ்வளவு காலம் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் சம்மேளனத்தைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

காகிதத்தை நம்ப முடியாது என்றதும் அதிகாரிகள் மறுபடியும் உடம்புக்கே போனார்கள். காது தொடுவதற்குப் பதில் எக்ஸ்-ரே! 2010-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. உடல், பல், எலும்பு என்று மூன்றையும் பார்த்து வயசு சொல்ல வேண்டும் என்றது. (பல்! மாட்டுச் சந்தைத் தரகர் கேட்டால் சிரிப்பார்.) 2025-ல் அதைத் திருத்திப் புதிய வரைவும் வந்தது. கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து, டானர் என்கிற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறையில் எலும்பு வயதைக் கணக்கிடுகிறது. உலகக் கால்பந்து சம்மேளனம் 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது.

இங்கேதான் நம் முதலாண்டு ஒர்க்‌ஷாப் பாடம் உதவும். எந்தக் கருவியையும் கையில் எடுக்கும் முன் அது எவ்வளவு கூடக்குறையக் காட்டும் என்று கேட்க வேண்டும் அல்லவா? எலும்பு வயது காட்டுவது வளர்ச்சியை, தேதியை அல்ல. 13, 14 வயசில், நிஜமாகவே ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களின் எலும்பு வயது இரண்டு வருஷம் வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம். சீக்கிரம் வளர்ந்தவன் ஒரு பொய்யும் சொல்லாமலே மோசடிக்காரன் ஆகலாம். மெதுவாக வளர்ந்த பதினாறு வயசுக்காரன் 14-க்குள் நுழைந்துவிடலாம். பிறந்த தேதியே உண்மையாக இருந்தாலும் கோடு கிழிக்கிற நாளில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1985-ல் கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்கிற உளவியலாளர் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தார். ஜனவரி முதல் தேதி வயசுக் கோடு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர். வருஷக் கடைசியில் பிறந்தவர்கள் சொற்பம். பத்து வயசில் பத்து மாதம் மூத்தவன் பலசாலி, அவனைத்தான் தேர்வு செய்கிறார்கள், அவனுக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது. நம் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே நிஜப் பிறந்தநாளுக்கு ஒரு கோடு. இங்கே வாத்தியார் போட்ட பிறந்தநாளுக்கு ஒரு கோடு.

ஆகவே எனக்குத் தோன்றுவது இதுதான். வயசும் எடையும் இரண்டும் வேண்டும் என்று கபடிக்காரர்கள் வைத்த ஏற்பாடு, பின்தங்கிய கிராமத்துக் கணக்கு அல்ல; மோதுகிற எந்த ஆட்டத்துக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு இதுவரை இல்லை. ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கும். வயசில் பொய் சொன்னவனைத் தராசு கொஞ்சம் தடுக்கும். எங்கள் அரையிறுதியில் தராசு கிடையாது. அங்கே வயசை மட்டும்தான் பார்த்தார்கள். பள்ளி விளையாட்டுச் சம்மேளனப் பிரிவுகள் 14, 17, 19. கபடிச் சம்மேளனப் பிரிவுகள் 16, 20. பல்கலைக்கழகப் போட்டிக்கு வந்தால் 25 வரை ஒரே பிரிவு. முதலாண்டு சேர்ந்த பதினேழு வயசுப் பையன் எம்.இ. படிக்கிற அண்ணனோடு களத்தில் நிற்கிறான். நம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் முதலாண்டுப் பையன்களை முதல் பருவம் முழுக்கப் பெரிய ஆட்களோடு மோதவிடாமல், போனஸ் கோடும் கால் வேலையும் மட்டும் பழக்குவார். எங்களுக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். உத்தி பிரித்த கண் அது. ஒரு பையனைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கண் வாய்க்கும். ஊர் விட்டு ஊர் போய் ஆடும்போது அது கூட வராது. அதனால்தான் தராசும் காகிதமும்.

காகிதம் இப்போது கொஞ்சம் தேறி வருகிறது. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. 2023-ல் திருத்திய சட்டப்படி, அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி முதல்முறையாகச் சேர்ந்து, இந்தியாவின் பையன்கள், பெண்கள் இரு அணிகளும் தங்கம் வாங்கின. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் இருந்தார்கள். அதே ஆண்டு மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்தது. பள்ளிகளிலும் ரக்பி மெல்ல வருகிறது. முட்டைப் பந்தோடு பையன்கள் மதுரை மைதானங்களில் இறங்கும் முன் வயசோடு எடையையும் கேட்டு வைத்தால் நல்லது.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடைச் சுவரில் கபடிப் போஸ்டர் பார்த்தேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நன்கொடையாளர் படங்கள். கீழே, "55 கிலோ. எடை காலை எட்டு மணிக்கு. ஆதார் அசல் கொண்டு வரவும். ஜெராக்ஸ் செல்லாது."